பெரிய வீடு, காசிமேடு (வாட்ஸ்அப் குழு)

பாபு: அப்பாவுக்கு நேற்று பிபி 160/100. இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அத்தை, பாப்பா பிறந்தநாள் தேதியை மாற்ற முடியுமா?

அத்தை: ஏன்டா, பிபிக்கும் பிறந்தநாளுக்கும் என்ன சம்பந்தம்? மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு

பாபு: டிசம்பர் 26 அத்தை

அத்தை: தெரியும். அன்றைக்குத்தான் காலி இருந்தது

மணலி மாமா: காலியாத்தான் இருக்கும். நம்ம குப்பத்தில் அன்றைக்கு யார் கேக் வெட்டுவார்கள்?

தேவி: அத்தை, கோபப்படாமல் முழுசாகப் படியுங்கள். சுனாமி வந்தது 2004இல், இதே டிசம்பர் 26 அன்று. இன்னமும் அப்பா நடுராத்திரி எழுந்து வாசலில் உட்கார்ந்து அலைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார், டிசம்பர் பிறந்தால் பீடி இரண்டு மடங்காகிறது, பட்டாசு வெடித்தால் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்க்கிறார். இதற்குப் பேர் பிடிஎஸ்டி, பெரிய அதிர்ச்சிக்குப் பிறகும் அந்தப் பயம் விடாமல் தொடர்கிற மனநோய். உடம்பு எந்நேரமும் ஓடுவதற்குத் தயாராகவே நிற்கும், அட்ரினலின் சுரந்துகொண்டே இருக்கும், துடிப்பு ஏறும், பிபி ஏறும், போகப்போக ரத்தக்குழாய் கெடும். அமெரிக்காவில் வியட்நாம் போர்க்காலத்தில் ராணுவத்தில் இருந்த இரட்டையர்களை வைத்து ஓர் ஆய்வு செய்து 2013இல் வெளியிட்டார்கள். பிடிஎஸ்டி இருந்தவர்களில் 22.6 சதவீதம் பேருக்கு இதய நோய் வந்தது, இல்லாதவர்களில் 8.9தான். புகை, குடியையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் ஏறக்குறைய இரண்டு மடங்கு.

குட்டி: அக்கா "மேலும் படிக்க" வந்துடுச்சு 😂

எண்ணூர் சித்தப்பா: சுனாமியில் தம்பி போனதிலிருந்து அண்ணன் அப்படித்தான். எனக்கும் அவன் தம்பிதான். நான் தூங்கவில்லையா?

மணலி மாமா: படகு விற்ற காசு கையில் இருந்தால் யாருக்கும் தூக்கம் வரும்

எண்ணூர் சித்தப்பா: மச்சான், அந்தப் பேச்சு இங்கே வேண்டாம்

அத்தை: தினமும் நடக்கச் சொல்லு தேவி. கருவாட்டை நிறுத்து. எல்லாம் சரியாகிவிடும்

தேவி: கருவாடு சரி அத்தை. ஒரு நாளைக்கு மொத்த உப்பே 5 கிராமுக்குள் இருக்கணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அப்பா அதை ஒரு வேளையிலேயே முடித்துவிடுவார். ஆனால் ராத்திரி முழுக்க விழித்திருந்தவரைக் காலையில் நட என்றால் எப்படி நடப்பார்? மக்களைத் தேடி மருத்துவத்தில் பிபி மாத்திரை வீட்டுக்கே வருகிறது. போன மாதம் கொடுத்த அட்டை பிரிக்காமல் பழைய வலைக்கு அடியில் கிடக்கிறது, அதன் மேல் தீப்பெட்டி. முதலில் அந்தப் பயத்துக்கு வைத்தியம் பார்க்கணும். பேசிப் பேசியே ஆற்றுகிற சிகிச்சை இருக்கிறது.

குட்டி: பெரியப்பா பைத்தியமா அப்போ?

தேவி: அடி வாங்குவாய்

பாபு: நடக்கிறதுன்னா கடற்கரைப் பக்கம் வேண்டாம். ராபின்சன் பூங்காவுக்குக் கூட்டிப் போகிறேன்

மணலி மாமா: 1949இல் திமுகவின் முதல் கூட்டம் அங்கேதான் நடந்தது. கொட்டுகிற மழையில்

எண்ணூர் சித்தப்பா: ஆரம்பிச்சுட்டாரு

குட்டி: மாமா நீங்க போனீங்களா?

மணலி மாமா: எங்க அப்பா போனார்டா

பாபு: திங்கட்கிழமை யார் கூட்டிப் போவது? எனக்குக் காலை ஷிப்ட்

எண்ணூர் சித்தப்பா: எக்கோவுக்கு நான் வருகிறேன். மனநல டாக்டரிடம் நான் கூப்பிட்டால் அண்ணன் வரமாட்டார்

தேவி: 14416க்கு போன் போட்டு முதலில் நாமே பேசிப் பார்க்கலாம் சித்தப்பா. டெலிமனஸ், அரசாங்கத்தின் மனநல உதவி எண், இலவசம்தான். தமிழிலேயே பேசுவார்கள்

எண்ணூர் சித்தப்பா: பார்க்கலாம்

அத்தை: மண்டபத்தில் 28 கேட்டுப் பார்க்கிறேன். அட்வான்ஸ் போனால் பாதி பாபு தரணும்

பாபு: ஸ்பீக்கர் செட், பட்டாசு வேண்டாம் அத்தை

அத்தை: மாப்பிள்ளை துபாயிலிருந்து இதுக்காகத்தான் வருகிறார். சத்தம் குறைத்து வைக்கச் சொல்கிறேன்

தேவி: பட்டாசு?

அத்தை: அவரிடம் பேசணும்

மணலி மாமா: பிரியாணி மட்டனா சிக்கனா?

குட்டி: மட்டன் மட்டன்

பாபு: திங்கட்கிழமை யார்னு இன்னும் யாரும் சொல்லலை