குத்துவாளில் பிடி ஓரத்துத் துரு திரும்பத் திரும்ப வருகிறது, என்ன செய்யலாம்?

என்னிடம் ரோண்டல் வகைக் குத்துவாள் ஒன்று இருக்கிறது, 15ஆம் நூற்றாண்டு ஐரோப்பிய வீரர்கள் இடுப்பில் செருகியிருந்ததன் நகல்தான், 2022இல் ஸ்பெயினின் டொலீடோ போனபோது வாங்கியது. கூர் கிடையாது, வெறும் அழகுக்கு. அலகு சுமார் 30 செ.மீ., கார்பன் ஸ்டீல். மரப்பிடி, அதன் இரு முனையிலும் பித்தளை வட்டு. நான் இருப்பது ஜெர்மனியின் ஹாம்பர்க்கில், ஈரத்துக்குக் குறைவில்லாத ஊர்.

முதல் வருடம் தோலுறைக்குள்ளேயே வைத்திருந்தேன். தோல் ஈரத்தைப் பிடித்துவைக்கும் என்பது அப்போது தெரியாது, உருவிப் பார்த்தால் அலகெங்கும் பழுப்புப் புள்ளி, பித்தளையில் பச்சைக் களிம்பு. மிக மெல்லிய ஸ்டீல் வுல்லில் (எஃகு இழைப் பஞ்சு) எண்ணெய் தொட்டுத் தேய்த்ததில் அலகு சுத்தமாகிவிட்டது, அதற்கு முன்னால் வினிகர் துணி சுற்றிவைத்து ஒரு பக்கம் சாம்பல் நிறமானது தனிக்கதை. அப்புறம் உலோகத்தில் ஈரம் படாமல் காக்கும் மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு பூசி, உறையில்லாமல், ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் பையோடு கண்ணாடிப் பெட்டியில் வைத்தேன்.

அலகு இப்போது சரி. ஆனால் பிடியும் அலகும் சேரும் வட்டுக்கு அடியிலிருந்து மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை செம்பழுப்பாய்க் கசிகிறது, இந்த மாதம் பிடியும் லேசாக ஆடுகிறது. டபிள்யூடி-40 என்ற எண்ணெய் ஸ்பிரே அடித்தும் பார்த்தாயிற்று, இரண்டு வாரம்தான் தாங்கியது. உள்ளே போகும் தண்டின் நுனியை அடித்துத் தட்டையாக்கியிருப்பதால் கழற்ற வழியில்லை.

பிடியைக் கழற்றாமல் அந்த இடுக்குக்குள் இருக்கும் துருவை நிறுத்த முடியுமா, செய்தவர்கள் எதை உள்ளே விட்டீர்கள்?