அரையாண்டு அறிக்கை: பிள்ளைங்க வராததுக்கு பெத்தவங்க மட்டும்தான் காரணமா?

ஏரிக்கரை_அப்பா:
லீவு முடிஞ்சு ஸ்கூல் திறந்ததும் எங்க ஊர் ஒன்றியத் தொடக்கப்பள்ளி எஸ்.எம்.சி. (பள்ளி மேலாண்மைக் குழு) குரூப்ல ஒரு அறிக்கை வந்துச்சு. ஒண்ணு ரெண்டாம் கிளாஸ்ல வருகை ரொம்ப குறைஞ்சுபோச்சாம், பெற்றோர் பொறுப்போடு அனுப்பி வைக்கணுமாம். கடைசில போற போக்குல, காலாண்டு முடிஞ்சு மாறுதல்ல போன எச்.எம். இடத்துக்கு இன்னும் ஆள் வரல, இருக்கிற ஒரே டீச்சர்தான் இன்சார்ஜ், எஸ்.எம்.சி. தலைவியும் குடும்பத்தோட திருப்பூர் போயிட்டதால புது ஆள் எடுக்கணும்னு போட்டிருக்கு. அந்த சார் இருந்தவரைக்கும் காலைல பைக்க எடுத்துக்கிட்டு தெருத்தெருவா ஒரு ரவுண்டு போவாரு, வராத பிள்ளைய வாசல்ல நின்னு கூப்பிடுவாரு. அது நின்னுச்சு, வருகையும் விழுந்துச்சு. இதுல எங்க மேல பழிய போட்டா எப்படி?

சாக்பீஸ்:
அண்ணே, நான் பக்கத்து ஒன்றியத்துல இடைநிலை ஆசிரியர். கோவப்படாதீங்க, ஆனா கணக்கு தப்பு. நம்ம கள்ளக்குறிச்சி பக்கம் கரும்பு வெட்டு ஆரம்பிச்சா ஒரு கூட்டம் கிளம்பும், பொங்கல் முடிஞ்சா திருவள்ளூர் செங்கல்பட்டு பக்கம் செங்கல் சூளைக்கு இன்னொரு கூட்டம், முன்பணம் வாங்கிட்டா சின்னப் பிள்ளைங்களையும் கூடவே தூக்கிட்டுதான் போவாங்க, பாத்துக்க ஆள் ஏது. பூட்டுன வீட்டு வாசல்ல எந்த எச்.எம். போய் நின்னாலும் யாரு வரப்போறா?

ஊர்க்குருவி:
பூட்டாத வீட்டுப் பிள்ளைங்களும்தான் வரல சார், அதுக்கு என்ன சொல்றீங்க? அஞ்சு கிளாஸையும் ஒரே ரூம்ல உக்கார வெச்சு, டீச்சர் போன்ல எமிஸ்ல (பள்ளிக்கல்வித் துறையோட ஆன்லைன் பதிவு) அட்டெண்டன்ஸ் போட்டு, சத்துணவு கணக்கு பாத்து, நடுவுல பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) ஆபீஸ்ல மீட்டிங்னு கிளம்பிட்டா அன்னிக்கு பாடம் எங்க நடக்கும்? பிள்ளை வீட்டுக்கு வந்து இன்னிக்கு சும்மாதாம்மா இருந்தோம்ங்குது. ரெண்டு நாள் அப்படிச் சொன்னா மூணாம் நாள் அம்மா ஆடு பாத்துக்கடான்னு விட்டுட்டுப் போயிடுது.

மூணாம்கிளாஸ்_அம்மா:
எங்க வீட்லயும் அதே கததான். ஆனா ஒண்ணு சொல்லணும், 2023 ஆகஸ்ட்ல காலை உணவு எல்லா அரசு தொடக்கப்பள்ளிக்கும் வந்ததுல இருந்து சின்னதுங்க சாப்பாட்டுக்காகவாவது எட்டரைக்கே ஓடிடும். இப்பவும் ஓடுது. சாப்பிட்டுட்டு திரும்பி வந்துடுது, அதான் பிரச்சனை. அத பாக்க அங்க ஒரு ஆள் வேணும்ல.

சாக்பீஸ்:
அக்கா சொல்றது நியாயம். ஆனா அந்த டீச்சர வில்லியாக்காதீங்க. சட்டப்படி 60 பிள்ளைங்க வரைக்கும் ரெண்டு ஆசிரியர், 61 ஆனாதான் மூணாவது ஆள். ஆகஸ்ட் 1ம் தேதி எண்ணிக்கைய வெச்சுதான் போஸ்டிங் நிர்ணயம் பண்றாங்க. மூணாவது ஆள் இருந்திருந்தா எச்.எம். போனதும் ஸ்கூல் இப்படி ஒத்தக் கால்ல நிக்காது. ஜூன்ல ஊர்ல பாதிப் பேர் மெட்ரிக் வேன்ல ஏத்தி அனுப்புனதும் பெத்தவங்கதானே?

ஏரிக்கரை_அப்பா:
ரெண்டு பேர் வேணும்னு நீங்களே சொல்றீங்க, இப்ப இருக்கிறது ஒருத்தர். அந்த ரெண்டாவது ஆள் எங்க? பக்கத்து ஸ்கூல்ல இருந்து மாற்றுப்பணில வாரம் ரெண்டு நாளாவது அனுப்பலாம்ல. 2022ல எஸ்.எம்.சி. மூலமா தொகுப்பூதியத்துல தற்காலிக ஆசிரியர் போட்டாங்களே, அந்த மாதிரி கேக்கலாம்ல. கேக்க வேண்டிய தலைவியும் இல்ல, இன்சார்ஜ் டீச்சர் மேல எழுதவே பயப்படுறாங்க. குழுவுல முக்கால்வாசி பேர் பெற்றோரா இருக்கணும், பாதி பேர் பொம்பளைங்களா இருக்கணும்னு சட்டமே சொல்லுது, பேர் மட்டும் போர்டுல தொங்குது.

கரும்புக்காடு:
எங்க அண்ணன் குடும்பமே சூளைல இருக்கு, அதனால சொல்றேன். பொறுப்பில்லாத பெற்றோர்னு எழுதுனவங்க ஒரு நாள் அங்க வந்து பாக்கணும். சும்மா போகல, அட்வான்ஸ அடைக்கப் போறாங்க. போறப்ப டி.சி. கேட்டா, எதுக்கு, ஆனில திரும்பத்தானே போறீங்கன்னு சொல்லி குடுக்கல. அங்க பக்கத்து ஸ்கூல்ல டி.சி. இல்லாம சேக்கல. பிள்ளை இங்க ரிஜிஸ்டர்ல ஆப்சென்ட், அங்க மண்ணுல விளையாடுது.

சாக்பீஸ்:
தம்பி, டி.சி. இல்லன்னு சேக்காம இருக்கிறது தப்பு. 2009 கல்வி உரிமைச் சட்டம் 5வது பிரிவுலயே இருக்கு, எச்.எம். உடனே டி.சி. குடுக்கணும், அது லேட்டாச்சுன்னு சொல்லி அந்த ஸ்கூல் சேர்க்கைய மறுக்கவும் கூடாது. அண்ணன போய் நேரா இதச் சொல்லச் சொல்லு, ஒத்துக்கலன்னா அந்த ஏரியா பி.இ.ஓ.ட்ட எழுதிக் குடுக்கச் சொல்லு.

ஊர்க்குருவி:
சார் நல்லாதான் சொல்றீங்க, ஆனா டி.சி.ய குடுத்துட்டா இங்க எண்ணிக்கை குறையும், ஆகஸ்ட்ல இருக்கிற போஸ்ட்டுக்கும் ஆபத்து. அதனாலதான் பேர மட்டும் பிடிச்சு வெச்சுக்கிறாங்கன்னு நான் நினைக்கிறேன்.

சாக்பீஸ்:
அது எல்லா ஸ்கூல்லயும் இல்ல. ஆனி பொறந்தா திரும்ப சேத்துக்கலாமே, எமிஸ் நம்பர் அதேதான்.

ஏரிக்கரை_அப்பா:
வெள்ளிக்கிழமை கூட்டம் இருக்கு. மாற்றுப்பணி ஆசிரியர் கேட்டு தீர்மானம் எழுதலாம்னு இருக்கேன், கூடவே வெளியூர் போன பிள்ளைங்க லிஸ்ட்ட தனியாவும் உள்ளூர்ல இருந்தே வராதவங்கள தனியாவும் போடச் சொல்லப் போறேன். பெற்றோர் பொறுப்புங்கிற வரிய எடுக்கலன்னா நான் கையெழுத்து போட மாட்டேன்.

சாக்பீஸ்:
லிஸ்ட்ட பிரிக்கிறது நல்ல யோசனை. வரிய எடுக்கச் சொல்றதுல எனக்கு உடன்பாடு இல்ல, ஆடு மேய்க்க விட்டவங்களுக்கு அது பொருந்தும்.

மூணாம்கிளாஸ்_அம்மா:
தலைவிக்கு யாரு நிக்கப் போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க. ஆம்பளைங்களே பேசிக்கிட்டு இருந்தா எப்படி?