கோடைத் தீவனத்துக்குத் தட்டைப்பயறு: இலை மஞ்சளாகிறது, யூரியா போடலாமா?

கறவைச்செல்வி:
எல்லோருக்கும் வணக்கம். என்னிடம் இரண்டு கறவை மாடுகளும் ஐந்து வெள்ளாடுகளும் இருக்கின்றன. வெயில் ஏறினால் தீவனச் சோளம்தான் கதி. அது முற்றிவிட்டால் மாடு தோகையை மட்டும் கடித்துவிட்டுத் தட்டையை, அதாவது தண்டை, ஒதுக்கிவிடுகிறது, பாலும் இறங்கிவிடுகிறது. பயறு வகை சேர்த்துக் கொடு என்று பலரும் சொன்னதால் போன கோடையில் தட்டைப்பயறு விதைத்தேன். மூன்றாம் வாரம் இலை மஞ்சளடித்தது. பயந்துபோய் யூரியா போட்டேன், பச்சை திரும்பியது. பூ எடுத்ததும் மண்ணோடு ஒட்ட அறுத்துவிட்டு மறுதாம்புக்கு, அதாவது அறுத்த அடியிலிருந்து மறுபடி துளிர்க்கட்டும் என்று, காத்திருந்தேன். ஒரு துளிர்கூட வரவில்லை. இந்த வருடமும் விதைத்து 25 நாள் ஆகிறது, அதே மஞ்சள் மறுபடி வந்திருக்கிறது. யூரியா போடலாமா? அப்புறம், பயறு தின்றால் மாட்டுக்கு வயிறு உப்பிவிடும் என்கிறார்களே, அது உண்மையா?

மேய்ச்சல்காரர்:
யூரியா மூட்டையைப் பிரிக்காதீர்கள் செல்வி. முதலில் வேரைப் பாருங்கள். நானும் பல வருடம் இலையை மட்டுமே பார்த்துப் பயிர் செய்தவன். வேரைப் பார்க்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் பயறு எனக்குப் பிடிபட்டது.

நடுவயலில் ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, ஒரு சாண் தள்ளி மண்வெட்டியைப் போட்டு மண்கட்டியோடு தூக்குங்கள். கையால் பிடுங்கினால் முடிச்செல்லாம் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும், முடிச்சே இல்லை என்று நினைத்துக்கொள்வீர்கள். கட்டியை வாளித் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட்டு மெதுவாக ஆட்டினால் மண் தானாகக் கரையும். வேரின் மேல்பகுதியில் மிளகு மிளகாக ஒட்டிக்கொண்டிருப்பவைதான் வேர் முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கிள்ளி உள்ளே பாருங்கள். சிவப்பாகவோ நல்ல ரோஜா நிறமாகவோ இருந்தால் காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். நம் இரத்தத்துக்குச் சிவப்பைத் தருவது எதுவோ, அதன் நெருங்கிய உறவான புரதம்தான் அங்கேயும் சிவப்பைத் தருகிறது. வெள்ளையாக இருந்தால் இன்னும் வேலை தொடங்கவில்லை. பச்சையோ பழுப்போ என்றால் ஓய்ந்துவிட்டது. ஒன்றைக் கவனியுங்கள்: வேரே அங்கங்கே வீங்கி, விரலால் தட்டினாலும் உதிராமல் இருந்தால் அது முடிச்சு இல்லை, வேரைத் தாக்கும் நூற்புழுவின் வேலை.

மூன்றாம் வார மஞ்சளுக்கு வருகிறேன். விதையில் இருந்த சத்து அந்த நேரத்தில் தீர்ந்துபோகும், முடிச்சு அப்போதுதான் திரண்டுகொண்டிருக்கும். இடையில் செடிக்கு ஒரு சின்னப் பசி. அந்த நேரத்தில் யூரியாவை ஊட்டினால், சுலபமாகச் சாப்பாடு கிடைக்கிறதே என்று செடி முடிச்சுக்குச் செலவு செய்வதைக் குறைத்துக்கொள்ளும். போன வருடம் உங்களுக்குப் பச்சை திரும்பியதற்கு இதுதான் விலை. பயற்றுக்கு மணிச்சத்தை (பாஸ்பரஸ்) அடியுரமாகக் கொடுங்கள், அது முடிச்சுக்கும் உதவும்.

மறுதாம்பு வராததற்குக் காரணம் உங்கள் அரிவாள். தட்டைப்பயறு புல்லைப் போல அடியிலிருந்து வெடிக்காது. தண்டில் இலை சேரும் கணுவில் இருக்கும் மொட்டுத்தான் துளிர்க்கும். கணுவையே அறுத்தெடுத்துவிட்டால் எதிலிருந்து வரும்? ஒரு சாண் விட்டு, சில இலைகளாவது மிஞ்சும்படி அறுங்கள். அப்படிச் செய்தாலும் இரண்டாவது அறுப்பு மெலிவாகத்தான் இருக்கும். அதனால் நான் தட்டைப்பயற்றை ஒரே அறுப்புப் பயிராகவே வைத்துக்கொண்டேன். நிலத்தை மூன்று துண்டாக்கி 15 நாள் இடைவெளியில் விதைக்கிறேன். பாதிச் செடி பூத்ததும், அதாவது ஏறக்குறைய 50 முதல் 55 நாளில், அறுக்கிறேன். திரும்பத் திரும்ப அறுக்க வேண்டும் என்றால் அவரை நல்லது. வேர் ஆழமாகப் போகும், வறட்சியையும் தாங்கும்.

வயிறு உப்புசத்துக்கு அதிகம் பேர்போனது குதிரைமசால் என்ற பயறு வகைத் தீவனம். தட்டைப்பயற்றிலும் அவரையிலும் அந்தப் பயம் மிகக் குறைவு. இருந்தாலும் பசித்த மாட்டை நேராகப் பயறுப் பாத்தியில் அவிழ்த்துவிடாதீர்கள். முதலில் காய்ந்த தட்டையைப் போட்டு வயிற்றை நிரப்புங்கள். பனி ஈரம் போன பிறகு, கொஞ்சம் வாடவிட்டுக் கொடுங்கள். ஒரு வாரம், பத்து நாளில் அளவை ஏற்றி, பசுந்தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துங்கள்.

ஆட்டுப்பட்டி:
ஆடும் இருக்கிறது என்கிறீர்கள், வேலியோரம் சூபாபுல் மரம் வையுங்கள் அக்கா. நட்டு வளர்ந்துவிட்டால் வருடக்கணக்கில் ஒடித்துப் போடலாம். சோளத்தோடு தட்டைப்பயறு கலந்து விதைத்தால் சோளத்துக்கும் உரம் கிடைக்கும், யூரியா செலவே இல்லை.

மேய்ச்சல்காரர்:
தம்பி சொன்ன இரண்டும் பாதி உண்மை. சூபாபுல் தழையில் மைமோசின் என்ற நச்சு இருக்கிறது. அதையே முழுத் தீவனமாக வாரக்கணக்கில் போட்டால் முடி உதிரும், தைராய்டு கெடும், மாடு மெலியும். அதை முறிக்கும் நுண்ணுயிர் சில மந்தைகளின் வயிற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாமல் மற்ற தழையோடு கலந்து போட்டால் நல்ல தீவனம்தான். குதிரைக்கும் முயலுக்கும் மட்டும் வேண்டாம். வேலியோரத்துக்கு எனக்குப் பிடித்தது வேலிமசால் என்ற பயறு வகைத் தீவனச் செடி. அந்த விதையின் தோல் கடினமானது, அப்படியே போட்டால் பாதி முளைக்காது. 80 டிகிரி வெந்நீரில் நான்கைந்து நிமிடம் வைத்து எடுத்து, குளிர்ந்த நீரில் இரவு முழுக்க ஊறவிட்டு விதையுங்கள்.

கலப்பு விதைப்பைப் பொறுத்தவரை, இரண்டும் ஒன்றாக நிற்கும்போது பயறு சோளத்துக்குத் தரும் நைட்ரஜன் மிகச் சொற்பம். வேரும் சருகும் மட்கிய பிறகு அடுத்த பயிருக்குத்தான் அது போகும். கலப்பின் உண்மையான லாபம் மாட்டின் தீவனத் தொட்டியில் இருக்கிறது: முற்றிய தட்டையோடு புரதம் சேர்கிறது. சோளம் உயர்ந்து நிழல் கட்டுவதால், இரண்டு வரிசை சோளத்துக்கு ஒரு வரிசை பயறு என்று தனித்தனியாகப் போடுங்கள். தண்ணீர் இல்லாமல் வாடி நிற்கும் இளஞ்சோளத்தையும், வறட்சிக்குப் பின் மழை பெய்து வெடிக்கும் கொழுந்தையும் மட்டும் மாட்டுக்குக் காட்டவே கூடாது. அதில் சயனைடு நச்சு ஏறியிருக்கும், சில நிமிடங்களிலேயே மாட்டைச் சாய்த்துவிடும். அந்த நாட்களில் பயறுப் பாத்தி இருப்பது பெரிய ஆறுதல்.

கறவைச்செல்வி:
ஐயா, சொன்னபடி மூன்று செடியைக் கெல்லி வாளியில் போட்டேன். இரண்டில் பத்துப் பன்னிரண்டு முடிச்சுகள். கிள்ளினேன், உள்ளே நல்ல சிவப்பு, நகத்தில்கூடக் கறை ஒட்டிக்கொண்டது! மூன்றாவது செடி வரப்போரத்தில் நின்றது, அதில் நான்கே முடிச்சு, எல்லாம் வெள்ளை. நடுவயலில் புதுக்கொழுந்து பச்சையாகத்தான் வருகிறது, மஞ்சள் அடி இலையில் மட்டும் இருக்கிறது.

மேய்ச்சல்காரர்:
அப்படியென்றால் பசி தீர்ந்துகொண்டிருக்கிறது. ஒன்றும் போடாதீர்கள். வரப்போரத்தில் தண்ணீர் தேங்குகிறதா பாருங்கள், காற்றில்லாத மண்ணில் முடிச்சு வேலை செய்யாது. பத்து நாள் கழித்து அதே ஓரத்தில் இன்னொரு செடியைக் கெல்லுங்கள். அப்போதும் வெள்ளை என்றால் அடுத்த விதைப்பில், முடிச்சை உண்டாக்கும் நுண்ணுயிரான ரைசோபியத்தை விதையில் கலந்துவிடலாம். தட்டைப்பயறு வகைக்கானதைக் கேட்டு வாங்குங்கள், சோயாவுக்கான பாக்கெட் இதற்கு ஆகாது. ஆறிய கஞ்சியில் பிசறி, நிழலில் உலர்த்தி, அன்றைக்கே விதைத்துவிடுங்கள். வெயிலில் காயவைத்தால் நுண்ணுயிர் செத்துப்போகும்.