ப்ளீச்சா, வினிகரா? தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்களேன்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் குழந்தை தவழ ஆரம்பித்துவிட்டாள். தரையில் கிடப்பதெல்லாம் வாய்க்குள்தான் போகிறது. எதைப் போட்டுத் துடைப்பது என்று ஒரே குழப்பம்.

போன வாரம் ஒரு முட்டாள்தனம் செய்தேன். பாத்ரூமில் ப்ளீச் ஊற்றியும் கறை போகவில்லை என்று அதன் மேலேயே வினிகரையும் ஊற்றிவிட்டேன். உடனே கண் எரிச்சல், இருமல். கதவைத் திறந்துபோட்டு வெளியே ஓடிவந்தேன். அமிலம் பட்டால் ப்ளீச்சிலிருந்து குளோரின் வாயு வரும் என்பது பிறகுதான் தெரிந்தது. (அம்மோனியா கலந்தாலும் ஆபத்துதான், குளோரமைன் வரும். யாரும் செய்து பார்க்காதீர்கள்!)

பயந்துபோய் வினிகர், சமையல் சோடா என்று மாறினேன். இரண்டையும் கலந்தால் நுரை பொங்குவதைப் பார்க்க என்னவோ பிரமாதமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒன்றை ஒன்று சமன்செய்துவிட்டு, மிஞ்சுவது பெரும்பாலும் தண்ணீரும் சோடியம் அசிடேட்டும்தான். வினிகர் தனியாக உப்புக்கறையை நன்றாக எடுக்கிறது, மறுக்கவில்லை. கிருமிநாசினியாக அதை நம்பத்தான் மனம் வரவில்லை.

தினசரி தரைக்கு சோப்புத் தண்ணீர் மட்டும் போதுமா? பச்சை இறைச்சி வெட்டிய பலகை, டாய்லெட், யாருக்காவது வாந்திபேதி வந்த சமயம், இவற்றுக்கு மட்டும் ப்ளீச் வைத்துக்கொள்ளலாமா? நீங்கள் எவ்வளவு தண்ணீரில் கலக்கிறீர்கள், துடைப்பதற்கு முன் எத்தனை நிமிடம் ஊறவிடுகிறீர்கள்? பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுகிறீர்கள் என்றும் சொல்லுங்கள். எங்கள் வீட்டு ஸ்பாஞ்சின் வயதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது.