18 மீட்டர் அட்டை வைத்திருப்பவர்களுக்கு

சங்குகுளி மகன்:
அந்தமானில் நான்கு நாள் ஸ்கூபா படித்து 18 மீட்டர் ஆழம் வரை இறங்கலாம் என்ற அட்டை வாங்கினேன், இனி மன்னார் வளைகுடாவில் பவளம் நடுவேன், சங்கு குளிப்பவர்களுக்குப் பவளப் பாறையைப் பற்றி என்ன தெரியும் என்று நீலன் தம்பி நேற்று எழுதியிருக்கிறார். தம்பி, எங்கள் தீவுகளைச் சுற்றிப் பவளம் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கிறது. உங்கள் 18 மீட்டரை வைத்து அங்கே என்ன செய்வீர்கள்?

நீலன்:
ஆழம் முக்கியமில்லை அண்ணே, பயிற்சிதான் முக்கியம். மேலே எழும்பாமல், கீழே அமிழாமல் மிதப்பைக் கட்டுப்படுத்தச் சொல்லித் தருகிறார்கள். படகில் உள்ள கம்ப்ரசரின் காற்றுக் குழாயைக் கடித்துக்கொண்டு இறங்குகிறவர்களுக்கு அது தெரியுமா? அப்படி முங்கி வாதம் வந்து படுத்தவர்கள் உங்கள் ஊரில் எத்தனை பேர்?

சங்குகுளி மகன்:
என் சித்தப்பாவும் அப்படித்தான் படுத்தார். அதை இங்கே இழுக்காதீர்கள். மிதப்பு என்றீர்களே, மூன்று மீட்டரில்தான் அது கஷ்டம். கொஞ்சம் மேலே ஏறினாலே மிதப்பு ஜாக்கெட்டில் காற்று விரிந்து ஆளைத் தூக்கும், பதறிக் காலை உதைப்பீர்கள், காலில் மாட்டிய ஃபின் பட்டு மான்கொம்புப் பவளம் சுள்ளி மாதிரி ஒடியும். போன வருடம் பயிற்சிக்கு வந்த ஒருவர் நடுவதற்காகச் சிமெண்ட் பலகையில் ஒரு பவளத் துண்டைக் கட்டுவதற்குள் பக்கத்தில் நான்கை ஒடித்தார், படகில் இருந்து பார்த்தவன் நான். நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கிறது, தண்ணீர் எப்போது கலங்கும் என்று அட்டையில் எழுதியிருக்கிறதா? 18 மீட்டராம்!

நீலன்:
சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டி வண்டி வண்டியாக ஏற்றியது யார்? 2001-ல் பவளத்தை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்துக் காக்கும் அளவுக்குப் போனது நாங்கள் வந்ததாலா?

பாம்பன் பாசிக்காரி:
வெட்டியவர்கள் வேறு, நாங்கள் வேறு. 1986-ல் தேசியப் பூங்கா என்றார்கள், அதிலிருந்து பாசி எடுக்க முங்கும் எங்களைத் தீவுப் பக்கம் போகாதே என்று விரட்டுகிறார்கள். பணம் கட்டிப் படிக்க வருகிறவர்களுக்கு மட்டும் படகு போகிறது. அதைப் பேசுங்கள் இரண்டு பேரும்.

நீலன்:
அக்கா, அது வனத்துறையிடம் கேட்க வேண்டியது. 2016-ல் கடல் சூடாகிப் பவளம் வெளுத்தபோது எண்ணிக் கணக்கெடுத்தது படித்தவர்கள்தான்.

சங்குகுளி மகன்:
கணக்கெடுத்தவர்களை எந்த இடத்தில் இறங்கலாம் என்று காட்டிக் கூட்டிப்போனது யார் தம்பி? சரி, அதை விடுங்கள். மூன்று மீட்டரில் 18 மீட்டர் அட்டை எதற்கு? இன்னும் பதில் வரவில்லை.

நீலன்:
சொல்லிவிட்டேன். மேலே போய்ப் படியுங்கள்.

சங்குகுளி மகன்:
படித்தேன். மூன்று மீட்டருக்குப் பதில் அதில் இல்லை.