பாட்டி பேசாத வசனத்த பாட்டி வாயில வைக்கலாமா?

பந்தலூர்க்காரி:
தேயிலைத் தோட்டத்து லயன் வீட்டுல வளர்ந்த கதைய எழுதிட்டு இருக்கேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துல கண்டியிலருந்து வந்த குடும்பம் எங்களது. முதல் அத்தியாயத்த இங்க போட்டேன்ல, பாட்டி கண்ணு முன்னாடி நிக்கல, ஆவணப்படம் மாதிரி இருக்குன்னு பாதிப் பேர் சொல்லிட்டாங்க. அதான் தலைமன்னார்ல கப்பல் ஏறுற அன்னிக்கு பாட்டியும் தாத்தாவும் பேசிக்கிட்டதா ரெண்டு பக்கம் வசனம் சேர்க்கலாம்னு இருக்கேன். சரியா வருமா?

கோத்தகிரி குளிர்:
வராதுக்கா. நீங்க அப்ப பொறக்கவே இல்லயே! நாவல்னு அட்டையில போட்டுட்டு என்ன வேணா எழுதுங்க, யாரு கேக்கப்போறா. நடந்த கதைன்னு போட்டா படிக்கிறவன் நம்பி வாங்குறான்.

மூணாவது லயன்:
தம்பி கோர்ட்டு வாதம் பண்றாப்ல. எட்டு வயசுல கேட்டது எவனுக்குப்பா அட்சரம் பிசகாம ஞாபகம் இருக்கு? பேச்சே இல்லாம எழுதினா ரேஷன் கார்டுல இருக்குற குடும்பம் மாதிரிதான் இருக்கும், பேரு வயசு உறவுமுறை, முடிஞ்சுது.

பூம்பாறை பூண்டு:
ரெண்டு பேரும் வசனத்துலயே நிக்கிறீங்க. அக்கா, அந்த அத்தியாயத்த திரும்பப் படிச்சேன். நம்ம பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்டது, இந்தியாவுக்குன்னு எழுதின 5,25,000 பேர், வந்தவங்கள தங்க வச்ச மண்டபம் முகாம், 1968ல அரசு தேயிலைத் தோட்டம் ஆரம்பிச்சது எல்லாம் பக்காவா இருக்கு. பாட்டி வர்ற எடத்துல மட்டும் "கண்டிப்பானவர், பாசமானவர், உழைப்பாளி". இது எங்க ஊர்ல பூண்டு பிடுங்கின எங்க அப்பாயிக்கும் பொருந்தும். ஆனா நடுவுல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க பாருங்க, உப்பு புளி யாரு கேட்டாலும் அள்ளிக் குடுக்குற பாட்டி கண்டியிலருந்து கொண்டு வந்த மட்டக்கம்ப மட்டும் பெத்த மகளுக்கே தரமாட்டாங்க, ராத்திரி கதவுக்குப் பின்னாடி சாத்தி வச்சிட்டுதான் படுப்பாங்கன்னு. கொழுந்து எடுக்குறப்ப செடிமேல வச்சு மட்டம் பாக்குற வெறும் குச்சி அது, எந்தக் காட்டுலயும் வெட்டிக்கலாம். அங்கதான் பாட்டி தெரியறாங்க. அத விரிங்க. யாரு கேட்டா, என்ன சொல்லி இல்லன்னாங்க, நீங்க எடுத்து வெளையாடினப்ப அடி விழுந்துச்சா?

கோத்தகிரி குளிர்:
இதுல எனக்கு சண்டையே இல்ல. இன்னொண்ணு, காலைச் சங்குக்கு முழிக்கிற எட்டு வயசுப் புள்ள "ஒப்பந்தம் எங்களை வேரோடு பிடுங்கியது"ன்னா நினைக்கும்? அடுப்புல ரொட்டி வெந்துச்சா, சம்பல்ல காரம் ஜாஸ்தியான்னுதான் நினைக்கும். ஒப்பந்தத்த இப்ப இருக்குற நீங்க தனியா சொல்லுங்க.

மூணாவது லயன்:
அப்ப கப்பல் வேணாமா? ஒத்துக்க மாட்டேன். எங்க அம்மா அந்தக் கதைய சொன்னா ஒரு தடவை டிரங்குப்பெட்டி கடல்ல விழுந்திருக்கும், அடுத்த தடவை அதே பெட்டி ராமேஸ்வரத்துல களவு போயிருக்கும். உங்க பாட்டியும் இப்படி மாத்தி மாத்தி சொல்லியிருந்தா எல்லாத்தையும் எழுதுங்க, எது நெசம்னு தீர்ப்பு சொல்லாதீங்க. கதை விடுற பாட்டிய யாரும் மறக்க மாட்டாங்க.

கோத்தகிரி குளிர்:
"பாட்டி இப்படி சொல்லுவாங்க"ன்னு போட்டா ஓகேண்ணே. கூடவே நின்னு கேட்ட மாதிரி மேற்கோள்குறி போடறதுதான் ஆகாது.

பந்தலூர்க்காரி:
சரி, அடுத்த அத்தியாயத்துல குடிக்கிற சித்தப்பா ஒருத்தர் வர்றாரு. உயிரோட இருக்காரு. பேர மாத்தினா போதுமா?

மூணாவது லயன்:
பந்தலூர்ல பேர மாத்தி என்ன பிரயோஜனம், பஸ் ஸ்டாண்டுல டீ குடிக்கிறவன்லாம் ஆள சொல்லிடுவான். குடிக்காத நாள்ல அவரு எப்படின்னும் எழுதுங்க, இல்லன்னா சினிமா குடிகாரன் ஆயிடுவாரு.

பூம்பாறை பூண்டு:
எழுதுறதுக்கு முன்னாடி அவருகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்கக்கா.

கோத்தகிரி குளிர்:
கேட்டா எழுதவே விட மாட்டாரு. எழுதி முடிச்சிட்டு, அச்சுக்குப் போறதுக்கு முன்னாடி காட்டுங்க.