கிட்டாரில் வயர் எங்கே? (இசை வீடியோ எதற்கு என்று தொடங்கிய திரி)

எடிட்டிங்மேசை:
இன்னொரு திரியில் கேசட்காரர் போகிற போக்கில் ஒன்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார். "மலை உச்சியில் நின்று எலக்ட்ரிக் கிட்டார் வாசிக்கிறான், கிட்டாரில் வயரே இல்லை. இசை வீடியோ என்பது காதில்லாதவர்களுக்காக எடுக்கிற விளம்பரம்." அதற்குக் கீழே ஆளாளுக்குக் கைதட்டல் வேறு. படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை, அதனால் தனித்திரி.

ஐயா, இசை வீடியோ கச்சேரியின் பதிவு இல்லை. பாட்டு ஸ்டுடியோவில் முன்பே முடிந்துவிடுகிறது. படப்பிடிப்பில் அதை ஸ்பீக்கரில் ஓடவிட்டு, அதற்கு மேல் வாயசைத்து, வாசிப்பது போலக் கையசைப்பார்கள். அப்படி எடுப்பதால்தான் ஒரு வரியின் முதல் பாதியைப் பாலைவனத்திலும் மறுபாதியை மாடிப்படியிலும் வைத்து வெட்ட முடிகிறது. விளம்பரமா என்றால் ஆமாம், விளம்பரம்தான். விளம்பரமாகப் பிறந்தது விளம்பரமாகவே சாக வேண்டும் என்று சட்டமா? மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' வீடியோ 1983இல் வந்தது, கிட்டத்தட்ட 14 நிமிடம். ஆல்பம் வெளியாகி ஒரு வருடம் ஆன பிறகு வந்த வீடியோ அது. 2009இல் பாதுகாக்க வேண்டிய படங்களுக்கான அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அதைச் சேர்த்தார்கள். சோப்பு விளம்பரத்தையா சேர்த்தார்கள்?

கேசட்காரர்:
எல்லாம் சரி. வயர் எங்கே?

நடுநிசி:
கேசட்காரரே, வயர்லெஸ் என்று ஒன்று இருக்கிறது. கென் ஷாஃபர் என்பவர் 1970களிலேயே கிட்டாருக்கு வயர்லெஸ் கருவி செய்து, கிஸ், ஏசி/டிசி போன்ற குழுக்கள் அதை மேடையில் பயன்படுத்தின. உங்கள் கேள்விக்கு அப்போதே பதில் வந்துவிட்டது.

கேசட்காரர்:
வாருங்கள் நடுநிசி, உங்களைத்தான் எதிர்பார்த்தேன். வயர்லெஸ் என்றால் கிட்டார் வாரிலோ இடுப்பிலோ ஒரு டிரான்ஸ்மிட்டர் தொங்க வேண்டும். தொங்குகிறதா? இல்லை. சரி, கண்ணுக்குத் தெரியாத டிரான்ஸ்மிட்டர் என்றே வைத்துக்கொள்வோம், அது அனுப்புகிற சிக்னலை வாங்க ஒரு ரிசீவர் வேண்டும், ரிசீவர் ஆம்ப்பில், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்குகிற பெட்டியில், போய்ச் சேர வேண்டும், ஆம்ப்புக்குக் கரண்ட் வேண்டும். மலை உச்சியில் ஆம்ப் எங்கே? பக்கத்தில் டிரம்ஸ் வைத்திருக்கிறானே, அதற்கு மைக் எங்கே? நான் சின்ன வயதிலிருந்து கேசட்டைத் தேய்ந்து போகும் வரை கேட்டு, எந்த வரியில் பாடகர் மூச்சு வாங்குகிறார் என்பது வரை தெரிந்து வைத்திருக்கிறவன். எனக்கு முன்னால் ஒருவன் செத்த கிட்டாரை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்துக் காட்டினால், வாசிக்கிறான் என்று நான் நம்ப வேண்டுமா? பாட்டைக் கேட்க வைக்க இவ்வளவு பொய் தேவைப்படுகிறது என்றால் பாட்டில் ஏதோ குறை.

எடிட்டிங்மேசை:
யாரும் உங்களை நம்பச் சொல்லவில்லை. அதைத்தான் முதல் பதிவிலேயே சொன்னேன், நீங்கள் கிட்டாருக்கு அப்பால் படிக்கவில்லை. வாயசைப்பு லேசான வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஸ்லோ மோஷனில் பாடகர் நடந்து வருவார், முடி மெதுவாகப் பறக்கும், ஆனால் உதடு மட்டும் பாட்டோடு சரியாகப் பொருந்தும், பார்த்திருப்பீர்கள். அதை எடுக்க, தளத்தில் பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஓடவிடுவார்கள். கேமரா நொடிக்கு 48 ஃபிரேம் எடுக்கும். பாடகர் அந்த அவசர வேகத்தில் ஒவ்வொரு எழுத்தையும் வாயில் கொண்டுவர வேண்டும். பிறகு 24இல் ஓட்டினால் உடம்பு பாதி வேகத்தில் நகரும், உதடு பாட்டில் நிற்கும். தளத்தில் நின்று கேட்டால் அணில் கத்துவது போலத்தான் இருக்கும். கோல்ட்பிளே குழுவின் 'த சயின்டிஸ்ட்' வீடியோ முழுக்கப் பின்னோக்கி ஓடும். அதற்காகக் கிறிஸ் மார்ட்டின் பாட்டைத் தலைகீழாகப் பாடக் கற்றுக்கொண்டார். இதெல்லாம் உங்கள் அகராதியில் ஏமாற்று வேலை, அப்படித்தானே?

கேசட்காரர்:
நன்றாகக் கஷ்டப்பட்டு ஏமாற்றியிருக்கிறார்கள் என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன், கஷ்டப்பட்டுத்தான் ஏமாற்றியிருக்கிறார்கள். அந்தக் கஷ்டத்தில் ஒரு வயரைச் சொருகியிருக்கலாம்.

தாளம்தப்பி:
😂😂 ஒரு வயர்தானே அண்ணே, சொருகிவிட்டுப் போங்களேன்.

எனக்குத் தெரிந்து இதெல்லாம் 1975இல் குவீன் குழுவின் 'பொஹீமியன் ராப்சொடி'யில் தொடங்கியது. உலகின் முதல் இசை வீடியோ அதுதானே?

கேசட்காரர்:
தம்பி, முதல் என்று எழுதுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பீட்டில்ஸ் 1966இலேயே தொலைக்காட்சிகளுக்கு அனுப்பப் படம் எடுத்தார்கள். ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் நேரில் போகச் சலிப்பு, அதனால் ஆளுக்குப் பதில் ஃபிலிம் போனது. 1940களில் அமெரிக்காவில் பனோரம் என்று ஒரு பெட்டி இருந்தது. காசு போட்டால் மூன்று நிமிடப் பாட்டுப் படம் ஒன்று ஓடும், 'சவுண்டீஸ்' என்று பெயர். எந்தப் பாட்டு என்று தேர்ந்தெடுக்கக்கூட முடியாது, ரீலில் அடுத்து எது இருக்கிறதோ அதுதான். அன்றைக்கே இது காசு பிடுங்குகிற வேலை. 1975 எல்லாம் நேற்று நடந்தது.

தாளம்தப்பி:
முதலில் என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள். என் வயது உங்களுக்குத் தெரியுமா?

கேசட்காரர்:
நீங்கள்தான் என்னை அண்ணே என்றீர்கள்.

எடிட்டிங்மேசை:
சவுண்டீஸைக் கொண்டுவந்ததற்கு மிக்க நன்றி கேசட்காரரே. அந்தப் படங்களிலும் பாட்டை முன்பே பதிவு செய்துவிட்டு அதற்குத்தான் வாயசைத்தார்கள். உங்கள் வாதத்தை நீங்களே கவிழ்த்துவிட்டீர்கள். இந்த மரபு உங்கள் கேசட்டைவிட மூத்தது.

கேசட்காரர்:
பழைய பொய் என்பதால் உண்மையாகிவிடுமா? அப்புறம், இசை வீடியோக்களுக்கென்றே வந்த எம்டிவி சேனல் 1981 ஆகஸ்ட் 1ஆம் தேதி தொடங்கியபோது போட்ட முதல் வீடியோவின் தலைப்பே வானொலி நட்சத்திரத்தை வீடியோ கொன்றுவிட்டது என்பதுதான். கொலையாளியே வாக்குமூலம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறான், இவர்கள் அவனுக்கு வக்கீல் வைக்கிறார்கள்.

நேர்மையான வீடியோ ஒன்றுதான் இருக்கிறது. 1985இல் ரீப்ளேஸ்மென்ட்ஸ் குழுவின் 'பாஸ்டர்ட்ஸ் ஆஃப் யங்'. கறுப்பு வெள்ளையில் ஒரு ஸ்பீக்கர். கேமரா மெதுவாகப் பின்னால் வரும். ஒருவன் உட்கார்ந்து சிகரெட் பிடித்தபடி பாட்டைக் கேட்கிறான். கடைசியில் ஸ்பீக்கரை எட்டி உதைத்துவிட்டுப் போகிறான். அவ்வளவுதான். யாரும் வாயசைக்கவில்லை, யாரும் மலையேறவில்லை.

நடுநிசி:
அந்த ஆள் சிகரெட் பிடித்தது மட்டும் நடிப்பு இல்லையா? டைரக்டர் உதை என்றதும் உதைத்தான்.

கேசட்காரர்:
ஸ்பீக்கருக்கு வயர் இருந்தது.

கவிநிலா:
வயரை விட்டுக் கொஞ்சம் வெளியே வரலாமா? என் குறை வேறு. ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டால் அப்புறம் பாட்டைத் தனியாகக் கேட்க முடிவதில்லை, அந்த முகமும் அந்த அறையும்தான் வருகிறது. நான் மனதில் கட்டி வைத்திருந்தது போய்விடுகிறது. ஆனால் இதற்கு நேர்மாறாகவும் நடக்கிறது. ஷினேட் ஓ'கானரின் 'நத்திங் கம்பேர்ஸ் டு யூ' (1990) வீடியோவில் பெரும்பாலும் முகம் மட்டும்தான். ஓரிடத்தில் கண்ணீர் கன்னத்தில் இறங்கும். அம்மாவை நினைத்ததால் வந்த கண்ணீர் என்று அவரே பிறகு சொன்னார். வாயசைப்பது பழைய பதிவுக்கு, அழுவது அந்த நிமிடத்தில். இதை ஏமாற்று என்று எப்படிச் சொல்வது, விளம்பரம் என்றுதான் எப்படிச் சொல்வது?

கேசட்காரர்:
அதில் அவர் கையில் கிட்டார் இல்லை. அதனால் எனக்கு ஆட்சேபணை இல்லை.

கவிநிலா:
நான் கேட்டது அது இல்லை.

எடிட்டிங்மேசை:
அவரிடம் எதைக் கேட்டாலும் இதுதான் வரும். 1985இல் ஆ-ஹா குழுவின் 'டேக் ஆன் மீ' வீடியோவில் நாயகன் பென்சில் கோடாக வருகிறான். எடுத்த காட்சியின் மேல் ஃபிரேம் ஃபிரேமாகக் கையால் வரைந்தார்கள், மொத்தம் 3,000 ஃபிரேம்களுக்கு மேல். அந்தப் பென்சில் மனிதனிடமும் வயர் எங்கே என்று கேட்பீர்களா?

கேசட்காரர்:
3,000 ஃபிரேம் வரைந்தவர்கள் ஒரு கோடு கூடுதலாக இழுத்திருக்கலாமே.

தாளம்தப்பி:
இதற்கு மட்டும் கேசட்காரருக்கு என் ஓட்டு 😂

கேசட்காரர் கட்சிக்கு இன்னொரு சாட்சியும் இருக்கிறது. 1991இல் நிர்வாணா குழுவை பிபிசியின் 'டாப் ஆஃப் த பாப்ஸ்' நிகழ்ச்சியில் ஓடுகிற டிராக்குக்கு வாசிப்பது போல நடிக்கச் சொன்னார்கள். கர்ட் கோபேன் வேண்டுமென்றே கிட்டாரைச் சும்மா தட்டி, அடித்தொண்டையில் இழுத்துப் பாடிக் கேலி செய்துவிட்டார்.

எடிட்டிங்மேசை:
அது தொலைக்காட்சி நிகழ்ச்சி, இசை வீடியோ இல்லை. நேரில் வாசிக்கிறோம் என்று காட்டிக்கொள்கிற இடத்தில் நடிக்கச் சொன்னால் கோபம் வரத்தான் செய்யும். இசை வீடியோ அப்படிக் காட்டிக்கொள்வதே இல்லை. நாற்காலி பறக்கிறது, பாடுகிறவர் ஒரே பாட்டில் ஆறு சட்டை மாற்றுகிறார், அதையெல்லாம் விட்டுவிட்டு வயரில் வந்து நிற்கிறார் இந்த மனிதர்.

கேசட்காரர்:
ஆறு சட்டை மாற்றுகிறவன் காசு யாருடையது என்று கேட்டீர்களா? பல ஒப்பந்தங்களில் வீடியோ செலவில் பாதியையோ முழுவதையுமோ பாடகரின் ராயல்டியிலிருந்தே கம்பெனி கழித்துக்கொள்கிறது. தனக்குத் தானே கடன் வாங்கி, தன் பாட்டுக்குத் தானே வாயசைத்து, அதற்குப் பெயர் கலை. எடிட்டிங்மேசை இதை எழுத மாட்டார், அவர் பிழைப்பு அதில்தானே ஓடுகிறது.

எடிட்டிங்மேசை:
பிழைப்பைப் பற்றி வேண்டாம். நான் எடிட் செய்த ஒன்றில் கேமரா நொடிக்கு 23.976 ஃபிரேமில் ஓடியிருந்தது, பாட்டை 24 என்று நினைத்துப் பொருத்திவிட்டார்கள். நான்கு நிமிடப் பாட்டில் கடைசி வரிக்கு வரும்போது உதடு கால் நொடி தள்ளிப் போயிருந்தது, ஆறு ஃபிரேம். ராத்திரி முழுக்க உட்கார்ந்து ஒவ்வொரு ஷாட்டாக நகர்த்தினேன். அந்த ஆறு ஃபிரேமை நீங்கள் கண்டுபிடிக்கக்கூட மாட்டீர்கள். டிரம் மெஷின் திரியில் உங்கள் காதின் லட்சணத்தை எல்லோரும் பார்த்தாயிற்றே.

கேசட்காரர்:
ஆக, அதுதான் விஷயம். டிரம் மெஷின் திரியில் நான் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் ஓடியது யார்?

எடிட்டிங்மேசை:
நீங்கள் எழுதிய பதிவு இப்போது அங்கே இல்லை. அதைத் திரும்பப் போடுங்கள், பதில் சொல்கிறேன்.

கேசட்காரர்:
நான் அழிக்கவில்லை. மட்டுறுத்துநர் அழித்தார். நியாயமாக எழுதியதை ஏன் அழித்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும், நானும் பலமுறை கேட்டுவிட்டேன்.

நடுநிசி:
நியாயமா? அதில் என்னை 'செவிட்டு ஆந்தை' என்று எழுதியிருந்தீர்கள்.

கேசட்காரர்:
ஆந்தைக்குக் காது கூர்மை நடுநிசி, அது பாராட்டு. சரி, டிரம்ஸுக்கு மைக் எங்கே என்று கேட்டேனே, அதை யாரும் தொடவில்லை. நாளைக்கு மூன்று வீடியோவை நிறுத்தி நிறுத்திப் படம் பிடித்துப் போடுகிறேன், அப்போது பேசுவோம்.